கப்பலில் வந்த கட்டில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். 'உடம்பளவில்' என்ற சொல்லில் நீ நின்றுவிடுவாய், தெரியும். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் உன் காதில் விழும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் எதைச் சொன்னாலும் 'சரிம்மா' என்பாய், கோபமென்றாலும் 'சரிம்மா', அழுகையென்றாலும் 'சரிம்மா'. அதைக் கேட்டுவிட்டால் எனக்கு மேலே பேச வராது. அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டு, ஒரு நாள் பொறுத்து, பிறகு கூப்பிடு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்க நீ பதிவு செய்த அடுக்குமாடி வீட்டுக்காக மாதம் ஆயிரம் வீதம் மூன்று வருடமாக என் கணக்குக்கு அனுப்பிய முப்பத்தாறாயிரத்தில் இப்போது பத்தாயிரத்து ஐந்நூறுதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் நான் அந்தப் பழைய வண்டிக்குள் போட்டுவிட்டேன். நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன், நீயும் படத்தைப் பார்த்து 'அழகா இருக்கும்மா' என்றாய். வாங்கியது அந்தப் பணத்தில்தான், பொய்யில்லை. ஓட வைத்தது உன் பணத்தில். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் நான். வழியில் டயர் போனால் முதலில் டயரை மாற்று, பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர், அதன் பிறகு வீட்டுக்காரர்களுக்குச் சொல் என்பதுதான் என் வழக்கம். நடுவழியில் சொன்னால் முப்பது வீட்டில் முப்பது அம்மாக்கள் பதறுவார்கள், டயர் அதனால் சீக்கிரம் மாறிவிடப் போவதில்லை. எத்தனை முறை அப்படிச் செய்திருக்கிறேன், ஒரு முறைகூடத் தப்பாகவில்லை. உன் பணத்தை முதலில் தொட்டபோதும் அதே மாதிரிதான், சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இந்த முறை டயர் மாற்றி முடியவேயில்லை.

ஏன் வாங்கினேன் என்று நீ கேட்பாய். அப்பா தரை ஓட்டுச் சுமையோடு படியில் வழுக்கி விழுந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம் ஆகிறது. பத்து நிமிடம் நடப்பார், இருபது நிமிடம் உட்காருவார், அதற்குமேல் முதுகு விடாது. ஊரில் பாதி வீட்டுக்குத் தரை ஓடு பதித்த மனிதர், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் டாக்ஸியின் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி போய்விட்டு வருவார். மற்ற நேரமெல்லாம் பின்னறை. ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர், பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். ஒரு நாள் நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, 'நூத்திப் பதினாலு' என்றார். என்ன என்று கேட்டேன். 'தெரியுற செங்கல். போன மாசம் நூத்திப் பதினொண்ணு' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அந்த வாரம்தான் வெளிநாட்டுப் பழைய வண்டிகளை வரவழைத்துத் தரும் தரகர் ஒருவர் படத்தைக் காட்டினார். பச்சையும் வெள்ளையுமாக நாற்பத்தெட்டு வயது வண்டி, உள்ளே கட்டில், மடக்கு மேசை, சின்ன அடுப்பு. படுத்துக்கொண்டே ஊருக்குப் போகலாம். இந்த மாதிரிப் புது வண்டி நான்கு மடங்கு விலை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், அப்பாவுக்காக மட்டும் வாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலை ஆறு மணிக்கு என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

வண்டி விலை பன்னிரண்டாயிரம், கப்பல் கூலி மூவாயிரத்து ஐந்நூறு. ஓய்வின்போது வந்த என் பதினான்காயிரத்துக்கு மேல் ஆயிரத்து ஐந்நூறுதான், அதையும் துறைமுகத்தில் கட்டினால் போதும் என்றார்கள். பழைய வண்டிக்கு வரி ஒன்றும் பெரிதாக இருக்காது என்று தரகர் சொல்லியிருந்தார். துறைமுகச் சுங்கத்தில் நாம் கொடுத்த விலையைப் பார்க்கவில்லை, அவர்களாக ஒரு விலை மதித்து அதற்கு வரி போட்டார்கள், அந்தத் தாள் இந்தத் தாள் என்று நான் அலைந்த பதினெட்டு நாளுக்கு நிறுத்து வாடகையும் சேர்த்து ஏழாயிரம். உன் பணத்தில் நான் கைவைத்தது அந்தக் கவுன்டரில்தான். கட்டாவிட்டால் வண்டியை ஏலம் விட்டுவிடுவோம் என்றார்கள். அப்போதே ஏலத்துக்கு விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கொண்டுவந்து மெக்கானிக்கிடம் விட்டேன், என் பள்ளிக்கூட வேனைப் பார்த்த அதே ஆள். அவர் தரை விரிப்பைத் தூக்கிவிட்டு ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார், அது தகரத்துக்குள் இறங்கி மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. 'டிரைவரம்மா, இது வண்டி இல்ல, பெயின்ட் அடிச்ச துரு' என்றார். படத்தில் பளபளவென்று இருந்தது எல்லாம் மேலே பூசிய பட்டி. எத்தனை வண்டியைக் கீழே படுத்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன் பள்ளிக்கூடத்துக்கு, என் சொந்த வண்டியைப் படத்தில் பார்த்து வாங்கினேன். தகரம் வெட்டி ஒட்ட நாலாயிரத்து ஐந்நூறு. என்ஜினும் கியர்பாக்ஸும் ஐயாயிரம், அதில் ஒரு பல்சக்கரத்துக்காக மட்டும் நான்கு மாதம் காத்திருந்தோம். பிரேக்கும் டயரும் இரண்டாயிரத்து ஐந்நூறு. பெயின்ட், பதிவுச் சோதனை இரண்டாயிரம். ஒவ்வொன்றும் கடைசிச் செலவு என்றுதான் கட்டினேன். உன் சித்தி வந்து பார்த்துவிட்டு, 'ஏன்க்கா, மாமாவுக்குக் கட்டில்தானே வேணும், கடையில கிடைக்காதா? கப்பல்லதான் வரணுமா?' என்றாள். அவள் கேலியாகச் சொன்னதைக் கேட்டு அப்பா நான்கு வருடத்தில் முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரித்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

மரவேலை மட்டும் பாக்கி இருந்தது. தரைப் பலகை, கட்டில், அலமாரி, அடுப்பு மேடை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்வாசலில், சுவரை ஒட்டி நிறுத்தினோம். அந்த மூன்று வாரம் அப்பா வேறு ஆளாக இருந்தார். தன் படுக்கையை முன்னறைக்கு மாற்றச் சொன்னார், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தபடியே தச்சரை வேலை வாங்கினார். பரண்மேல் கிடந்த, சமம் பார்க்கும் தன் ரசமட்டத்தை எடுத்துத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு பலகைக்கும் வைத்துப் பார்க்கச் சொன்னார். 'குமிழி எங்க நிக்குது? நடுவுலயா? கோட்டத் தொடுதா? தொட்டா பத்தாதுய்யா, நடுவுல நிக்கணும்' என்று தெருவுக்கே கேட்கும். தச்சர் ஒரு முறை, 'அண்ணே, கேட் பக்கம் சட்டத்துக்கு நாலு விரல் மேல முட்டுக் குடுக்க வேண்டியிருக்கு, வண்டியே கோணலா இருக்குண்ணே' என்று சொல்லிப் பார்த்தார். அப்பா, 'நாப்பத்தெட்டு வயசு வண்டி, கப்பல்ல ஆறு வாரம் ஆடி வந்திருக்கு, கோணலாத்தான் இருக்கும். நாமதான் சமமா ஆக்கணும்' என்றார். நான் தேநீர் கொடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இருபது நிமிடம்தான் உட்காரலாம் என்றிருந்தவர் வண்டிப் படியில் ஒரு நாள் முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தார். மரவேலைக்கு மூவாயிரம். உன் பணத்தில் நான் கொடுத்ததிலேயே இதை மட்டும்தான் சந்தோஷமாக எண்ணிக் கொடுத்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, பெல்ட் போட்டு, வண்டியை வெளியே எடுத்தேன். ஏரிக்கரை வரைக்கும் போய் வருவதாக ஏற்பாடு. தெருமுனை திரும்பி நல்ல சாலைக்கு வந்ததும் பின்னால் அலமாரிக் கதவு தானாகத் திறந்து மருந்துப் பாட்டில் ஒன்று உருண்டது. கொக்கி சரியில்லை என்று நினைத்தேன். அடுத்து ஆரஞ்சுப் பழம், அடுத்து அவர் கைத்தடி. கண்ணாடியில் பார்த்தால் அப்பா ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்பக்கப் பலகையில் ஒட்டிக் கிடக்கிறார். சாலையில் வண்டி நேராக நிற்கிறது, உள்ளே தரை, கட்டில், மேடை எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது. நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். அவர் முகம் வெளுத்திருந்தது. வலி என்று சொல்லவில்லை. 'அந்த ரசமட்டத்த எடு' என்றார். வைத்தேன். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த இடம் ஆஸ்பத்திரி ரோட்டுக் காப்பிக்கடை வாசல். கடைக்காரர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'அக்கா, சூப்பரா இருக்கே, விப்பீங்களா?' என்று கேட்டு ஒரு அட்டையை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். வாசலில் பழைய இடத்தில் வண்டி நின்றதும் அப்பா மறுபடி குமிழியைப் பார்க்கச் சொன்னார். நடுவில், கோட்டைக்கூடத் தொடாமல், அழகாக நின்றது.

உனக்குப் புரிந்திருக்கும், நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த வாசலில்தான் பந்து விளையாடுவாய், பந்து தானாக உருண்டு கேட்டுக்குப் போய்விடும், நீ அப்பாவோடு சண்டை போடுவாய். முந்தின மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததால், வழக்கமாகக் கொடுக்கும் சரிவைவிட இரண்டு மடங்கு கொடுத்து அந்தத் தரையைப் போட்டவர் அவர்தான். தன் கையால் சரித்துப் போட்ட தரையில் நிறுத்திவிட்டு, மூன்று வாரம் வண்டிக்குள் எல்லாவற்றையும் சமமாக்கியிருக்கிறார். தினமும் காலையில் வாசல் கழுவித் தண்ணீர் கேட் பக்கம் ஓடுவதைப் பார்க்கிற எனக்கும் தோன்றவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன், எல்லாவற்றையும் பிய்த்துத் திரும்பச் செய்ய இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். சரிந்த பக்கம் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன், 'தூக்கலாம், முதல் வளைவுலயே ரெண்டு பேரையும் நாங்க தூக்கணும்' என்றார். அப்பா படுக்கையைப் பின்னறைக்கே மாற்றச் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். செங்கலைக்கூட எண்ணவில்லை, நான் கேட்டுப் பார்த்தேன்.

அதற்குள் உன் வீட்டுக்கு முழுப் பணமும் கட்ட வேண்டிய தேதி வந்துவிட்டது. கடைசி நாளுக்கு முந்தின நாள் உன் ஃபைலை எடுத்துக்கொண்டு கட்டட அலுவலகத்துக்குப் போனேன். பத்தாயிரத்து ஐந்நூறை வைத்துக்கொண்டு அவகாசம் கேட்டேன். அந்தப் பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், 'எனக்குப் புரியுதும்மா, ஆனா உங்களுக்குப் பின்னால பதினோரு பேர் இருக்காங்க' என்றாள். மறுநாள் சாயங்காலத்தோடு மூன்றாம் மாடி வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது. பதிவுப் பணம் மட்டும் அடுத்த கட்டடத்துக்குச் செல்லும், அது முடிய இரண்டு வருடம் ஆகும். போன வருடம் நீ விடுமுறையில் வந்தபோது அந்தப் பூசாத அறையில் நின்று, காலை வெயில் விழுகிற இடத்தைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு 'இங்க என் மேசை' என்றாயே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது: ஒரு மாதம் முன்பு சொல்லியிருந்தால் நீ ஏதாவது வழி பார்த்திருப்பாய், அலுவலகத்தில் கேட்டிருப்பாய், கடன் வாங்கியிருப்பாய். அந்த வாய்ப்பைக்கூட உனக்குக் கொடுக்காமல் நானே ஓட்டிக்கொண்டு போனேன். நீ என் வண்டியில் ஏறிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை, முப்பத்தோரு வயதுப் பெண் என்பதை மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஃபைலை வைப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார். 'அது அவ ஃபைல்தானே, எங்க போயிட்டு வர்ற?' என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு ஆன முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறில் என்னுடையது பதினான்காயிரம்தான் என்றும் சொன்னேன். அவர் அதுவரை எல்லாமே என் பணம் என்று நம்பிக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'அவ ஊருக்கு வர்ற காசுல நான் ஊர் சுத்தணுமா?' என்று மட்டும் கேட்டார். பிறகு, 'காப்பிக்கடைக்காரன் அட்டை குடுத்தானே, அத எடு' என்றார்.

கடைக்காரர் நேற்று முன்தினம் வந்தார். அவருக்கு வண்டி ஓட வேண்டாம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த வெற்று மனையில் நிறுத்திக் காப்பிக்கடை போடப் போகிறார். பத்தொன்பதாயிரம் தருகிறேன் என்றார். நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய பல்சக்கரம் இனி சுற்றப் போவதில்லை, ஆனால் இதைவிட யாரும் தர மாட்டார்கள். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பின்னறையிலிருந்து அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். 'தம்பி, மனையில தரை போட்டாச்சா?' என்று கேட்டார். இல்லை, மண்தரைதான், அடுத்த வாரம் ஆள் விட்டுச் சமமாகப் போடப் போகிறோம் என்றார் அவர். 'சமமாப் போட்டீங்கன்னா உள்ள ஒரு டம்ளர் நிக்காது' என்று அப்பா வண்டிக்குள் என்ன தப்பு நடந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னார். நான் வியாபாரம் போய்விட்டது என்றே நினைத்தேன். கடைக்காரர் முகம் வாடிப்போனது. அப்பா விடவில்லை. 'வண்டிய மாத்த வேணாம், தரைய மாத்துவோம். எங்க வாசல்ல இருக்குற அதே சரிவு, நாலடிக்கு மூணு விரல். மழத்தண்ணியும் நிக்காது, உங்க டம்ளரும் நிக்கும். நான் போட்டுத் தர்றேன்' என்றார். கடைக்காரர் அப்பாவையும் தடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'ஐயா, படுத்துக்கிட்டே வேலை வாங்குவீங்களா?' என்று கேட்டார். 'முப்பது வருஷம் நின்னுக்கிட்டு வாங்கியாச்சு, படுத்துக்கிட்டும்தான் வாங்கிப் பாப்போமே' என்றார் அப்பா. ஆள் கூலியெல்லாம் கடைக்காரரே, மேற்பார்வைக்கு நானூறு என்று பேசி முடித்தார்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்துவிட்டது, தரை முடிந்து வண்டி அதில் ஏறி நிற்கும் நாளில் மீதி.

நாளைக் காலை முதல் நாள் வேலை. அவரை அந்தச் சரிந்த கட்டிலில்தான் படுக்க வைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும், வேறு வழியில்லை. மெதுவாகத்தான் ஓட்டுவேன். உருளாமல் இருக்க உன் பழைய பள்ளிக்கூடப் பை நிறையத் துணி அடைத்து உள்பக்கம் முட்டுக் கொடுத்திருக்கிறேன். மனையில் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டால் படுத்தபடியே தரை முழுதும் தெரியும். முதுகு தாங்குமா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார். இதை நான் எழுதுவதும் வண்டிக்குள், அந்த மடக்கு மேசையில்தான். இந்த வாசலில் நிற்கும்வரை பேனா உருளாது.

மீதிப் பணம் கைக்கு வந்த அன்றே இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறை உன் பெயருக்கே போட்டுவிடுகிறேன், இனி என் கணக்கு வேண்டாம். குறைகிற ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன், அடுத்த மாதத்திலிருந்து காலை நடை வேன் ஓட்ட மட்டும் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள், மாதம் அறுநூற்று ஐம்பது தருவார்கள், பத்து மாதம். கண்ணெல்லாம் நன்றாகத் தெரிகிறது, அதைப் பற்றிப் பேசாதே. இரண்டு வருடத்தைத் திருப்பித் தர மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. கோபப்படு, என்மேல் படு, அப்பாவிடம் காட்டாதே. மேலதிக வேலை எடுத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்த வீட்டில் நினைத்த இடத்தில் மேசை போட்டு நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

கூப்பிடும்போது முதலில் அப்பாவிடம் பேசு. வண்டியைப் பற்றிக் கேட்காதே, தரையைப் பற்றிக் கேள்.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டும் காத்துக்கொண்டும் இருக்கும்,
அம்மா

உறையை ஒட்டப் போனேன். அப்பா கட்டிலில் ஒத்திகை பார்க்கிறேன் என்று வந்து படுத்துக்கொண்டு, எவ்வளவு குறைகிறது என்று எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். 'ஆறாயிரத்து ஐந்நூறுன்னு எழுதாத, அடிச்சுட்டு ஆறாயிரத்து நூறுன்னு எழுது. மேற்பார்வைக்கு வர்ற அந்த நானூறு அவளுக்குத்தான்' என்றார். நான் அடிக்கவில்லை, இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஆறாயிரத்து நூறு.